டைகர் ஜீத் சிங் - திட்டு வாங்கியே ஜெயித்தவர்

போத்தனூர் ரயில்வே காலனிப் பக்கம் டிரம்ப் கார்டு விளையாடி வளர்ந்த பையன்களுக்கு அண்டர்டேக்கரின் உயரமும் எடையும் மனப்பாடம். ஆனால் டைகர் ஜீத் சிங் யார் என்று கேட்டுப் பாருங்கள்... திருதிருவென்று முழிப்பார்கள்!

இத்தனைக்கும் அவர் இந்தியர். பஞ்சாபில் பிறந்து, கனடா போய், ஃபிரெட் அட்கின்ஸ் என்பவரிடம் மல்யுத்தம் கற்று, 1960களில் ரிங்கில் ஏறியவர். தலையில் தலைப்பாகை, வாயில் வாள். அவருடைய வேலையே கூட்டத்திடம் திட்டு வாங்குவதுதான்.

1973இல் ஜப்பான் போனார். அந்த ஊர் ஹீரோ அன்டோனியோ இனோகி. ஒரு நாள் டோக்கியோவின் ஷின்ஜுகுவில் மனைவியோடு கடைக்கு வந்த இனோகியை நடுத்தெருவிலேயே தாக்கினார் சிங். போலீஸ் வரை போன விவகாரம் அது! அதன் பிறகு இருவரும் மோதினால் அரங்கம் கொதித்தது. 1975இல் இனோகியை வீழ்த்திப் பட்டத்தையும் வென்றார்.

"எல்லாம் நாடகம்தானே?" என்பார்கள். ஆமாம், யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானதுதான். ஆனால் விழுகிற அடியும் வழிகிற ரத்தமும் நாடகம் இல்லை. நம்பியார் இல்லாமல் எம்.ஜி.ஆர். படம் ருசிக்குமா? திரையில் அத்தனை சாபம் வாங்கிய நம்பியார், நிஜத்தில் ஐம்பது வருடத்துக்கு மேல் சபரிமலைக்குப் போன குருசாமி. சிங்கும் அப்படித்தான். கனடாவின் மில்டன் நகரில் அவர் செய்த உதவிகளுக்காக 2010இல் ஒரு அரசுப் பள்ளிக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

உறுத்துகிற விஷயம் வேறு. வில்லன் என்றால் ஏன் தலைப்பாகை? 2006இல் காளி வந்தபோதும் பேச்சு வராத பூதம் வேஷம்தான். 2017இல் ஜிந்தர் மஹால் சாம்பியன் ஆனபோது, அவர் பஞ்சாபியில் பேசியதும் கூட்டம் ஊளையிட வேண்டும் என்பதே ஏற்பாடு. அவர் கனடாவிலேயே பிறந்தவர்! நம்பியாரை மக்கள் திட்டியது கதையில் அவர் செய்த அக்கிரமத்துக்காக. இவர்களைத் திட்ட வைத்ததோ உடையையும் மொழியையும் காட்டி. இரண்டும் ஒன்றாகிவிடுமா?

கிடைத்த வேஷத்தை வைத்தே உழைத்து முன்னேறியவர் சிங். அவருக்குக் கைதட்டலாம். அந்த வேஷத்தை மட்டுமே கொடுத்தவர்களுக்கு எதற்குக் கைதட்ட வேண்டும்?