முதுகில் ஒரு பை, மடியில் கொஞ்சம் வெள்ளி



காப்பார் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். இப்போது தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. தாமான் வீட்டில் குடியிருக்கிறார்கள். மகனுக்கு ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. அந்தப் பையன் பத்து நாள் விடுப்பு எடுத்து, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, கூட்டாளி ஒருவனோடு இலங்கையைச் சுற்றிவரப் போகிறானாம். சுற்றுலாக் கம்பெனி கிடையாது, பெரிய ஓட்டல் கிடையாது. பஸ்ஸிலும் ரயிலிலும் போய், கிடைத்த இடத்தில் தங்குவானாம். "வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை, இவனுக்கு ஊர் சுற்றுவது ஒரு கேடா என்று அவன் அப்பா இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கோ பயமாக இருக்கிறது. நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் ஐயா" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பேச்சை என் மகன் எடுத்தபோது, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி நானும் சத்தம் போட்டவன்தான். கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? 2025 பிப்ரவரியில் அவனோடு நானும் கிளம்பினேன். சௌக்கிட் பண்டல் கடையில் 25 வெள்ளிக்கு வாங்கிய பழைய பை என் முதுகில். அறுபதை நெருங்குகிற வாத்தியாருக்கு அது தேவைதானா என்று என் மனைவி கேட்டாள். தேவைதான் என்று திரும்பி வந்த பிறகு சொன்னேன்.

நான் போனதற்கு ஒரு காரணம் உண்டு. என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிக் கிள்ளானுக்கு வந்தார். அவருடைய தம்பியை வேறொரு கங்காணி மண்டபம் வழியாக இலங்கைக்குக் கூட்டிப் போனார். அண்ணன் ரப்பருக்கு, தம்பி தேயிலைக்கு. அதன் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லை. கடுதாசி மட்டும் போய் வந்தது. கடைசிக் கடுதாசி 1973-இல் வந்தது. அதில் டிக்கோயாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் விலாசம். என் அப்பா அதைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டி என்னிடம் வந்து சேர்ந்தது. அதைத்தான் பையில் வைத்துக்கொண்டேன்.

முதலில் வரவு செலவைச் சொல்லிவிடுகிறேன். போக வர விமான டிக்கெட் தலைக்கு 720 வெள்ளி. காப்புறுதி முதலியவற்றுக்கு 300. அங்கே பத்து நாள் தங்க, சாப்பிட, பஸ், ரயில் எல்லாம் சேர்த்து 680. ஆக மொத்தம் 1,700 வெள்ளி. அதே பிப்ரவரியில்தான் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அப்படியானால் ஒரு தொழிலாளியின் முழு மாதச் சம்பளம்! சின்னக் காசு இல்லை. ஆகவே அப்பாவின் கோபம் நியாயமானதே. பையன் கடன் வாங்கிப் போகிறான் என்றால் நானும் அப்பாவின் பக்கம்தான். மாதம் நூறோ இருநூறோ சேர்த்து வைத்துப் போகிறான் என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

இலங்கை நமது தீபகற்ப மலேசியாவில் ஏறக்குறையப் பாதி அளவுள்ள தீவு. கோலாலம்பூரிலிருந்து மூன்றரை மணி நேரப் பறப்பு. நம்மைவிட அவர்கள் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நாங்கள் போனபோது ஒரு வெள்ளிக்கு 67 ரூபாய் வாக்கில் கிடைத்தது. விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் கொழும்பு போய், புறக்கோட்டையில் இறங்கி, பக்கத்திலுள்ள கோட்டை ரயில் நிலையத்தில் கண்டிக்கு டிக்கெட் எடுத்தோம். மூன்றாம் வகுப்பு. இருக்கை பதிவு செய்யும் டிக்கெட்டுகள் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடுகின்றன. பதிவில்லாத டிக்கெட்டுக்குச் சில நூறு ரூபாய்தான். ஆனால் இடம் பிடிப்பது அவரவர் சாமர்த்தியம். நான் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து ஒரு சிங்கள அம்மா தன் பேரப் பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தார். பாஷை தெரியாது. "ஸ்துதி" என்று நன்றி சொன்னேன். அவர் சிரித்தார்.

கண்டிக்கு ரயில் வந்தது 1867-இல். அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன் அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. இலைநோய் வந்து காப்பி அழிந்தது, தேயிலை எழும்பியது. காப்பியானாலும் தேயிலையானாலும் வேலை செய்தவர்கள் நம் ஜனங்கள். தலைமன்னாரில் தோணியிலிருந்து இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளை போய்ச் சேரவேண்டும். காலராவிலும் பசியிலும் வழியில் மாண்டவர்கள் ஏராளம். அந்த வரவின் இருநூறாம் ஆண்டை 2023-இல் நினைவுகூர்ந்தபோது, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தார்கள். முதுகில் மூட்டையோடு பயணம் போவது வெள்ளைக்காரப் பிள்ளைகள் கண்டுபிடித்த புது விஷயம் என்று என் மகன் நினைத்திருந்தான். மூட்டையோடு நடந்துதான் நாம் இங்கே வந்தோம் என்று ரயிலில் அவனுக்குச் சொன்னேன்.

கண்டியில் ஓர் இரவு தங்கி ஹட்டனுக்கு வந்தோம். குளிர் எலும்பைப் பிடித்தது. அங்கிருந்து பஸ்ஸில் டிக்கோயா, அப்புறம் நடை. மலைச் சரிவு முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலை. தூரத்திலிருந்து பார்க்க வெகு அழகு. கிட்டே போனால் இடுப்பில் சாக்குக் கட்டி, முதுகில் கூடை சுமந்து, சரிவில் கால் ஊன்ற இடம் தேடிக்கொண்டு நிற்கிற பெண்களைப் பார்க்கலாம். நாம் விடியுமுன் மரம் வெட்டினால் மதியத்துக்குள் பால் நிறுத்துவிட்டு வீடு திரும்பலாம். அவர்களுக்குப் பொழுதுக்கும் மலைதான். அட்டைக் கடி வேறு. அப்போது நாள் கூலி 1,350 ரூபாய், நம் காசில் 20 வெள்ளி. நானும் மகனும் கண்டியில் ஓர் இரவு படுத்த அறையின் வாடகை 3,500 ரூபாய். "சிக்கனமாகத் தங்கினோம்" என்று முதல் நாள் பெருமைப்பட்டவன், இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

தோட்டத்து லயத்தில் என் கடுதாசியைக் காட்டினேன். இளையவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு பையன் ஓடிப்போய் ஒரு பாட்டியைக் கூட்டி வந்தான். எண்பது வயதிருக்கும்.

"மலேயாவுல இருந்தா வாறீங்க தம்பி?"

"ஆமாம் பாட்டி. இந்தப் பேருள்ள குடும்பத்தைத் தேடி வந்தோம்."

பெயரைப் படித்துக் காட்டினேன். பாட்டி சிறிது நேரம் பேசவில்லை.

"அவுக போயிட்டாக தம்பி. எழுவத்தாறுல. பாஸ்போட்டு வந்திருச்சு. இந்தா, இந்தக் காம்பராதான். அன்னைக்கு ஹட்டன் டேசன்ல எல்லாரும் அழுத அழுகை இருக்கே... கோச்சி நகந்த பொறவும் கையை விடல."

வாசகர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த ஜனங்கள் ரயிலில் தலைமன்னாருக்கும், கப்பலில் ராமேஸ்வரத்துக்கும் போய், பார்த்தறியாத ஊரில் இறங்கினார்கள். நீலகிரிப் பக்கம் அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்கள் உண்டாக்கியது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைக்க 2003 வரை ஆயிற்று.

நமது நாட்டிலும் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய பெரியவர்களை நாம் கண்டதில்லையா? பாட்டி சொன்னது எனக்கு அந்நியமாகப் படவில்லை.

அன்று இரவு எங்களை விடவில்லை. தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்து கொடுத்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையை அங்கே 'பிள்ளைக் காம்பரா' என்கிறார்கள். கிராணியைக் 'கணக்கப்பிள்ளை' என்கிறார்கள். பெரட்டு, துரை, கங்காணி எல்லாம் நமக்கும் அவர்களுக்கும் ஒரே சொல்தான். சாப்பிடும்போது பாட்டி கேட்டார்: "ஒங்க நாட்டுல நம்ம ஆளுகளுக்குச் சொந்தமா வீடு இருக்கா தம்பி?"

நான் பிறந்த லயம் இப்போது வீடமைப்புத் திட்டத்துக்கு அடியில் கிடக்கிறது. தோட்டம் விற்கப்பட்டபோது பலர் வெறுங்கையோடு வெளியேறினார்கள். சிலர் மாடி வீடு வாங்கினார்கள், கடன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். "சிலருக்கு இருக்கிறது பாட்டி" என்றேன். "அப்ப சரி" என்றார். மறுநாள் கிளம்பும்போது ஒரு பொட்டலம் தேயிலைத் தூளை என் மகன் கையில் வைத்து, "பேராண்டி, அப்பாவைத் தனியா நடக்க விடாத" என்றார். அவன் அதற்கு அப்புறம் ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

மீதிப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்லதண்ணிக்குப் போய், இரவு இரண்டு மணிக்குச் சிவனொளிபாத மலை ஏறத் தொடங்கினோம். உயரம் 2,243 மீட்டர். டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரை ஏறும் காலம். வழியெல்லாம் விளக்கு உண்டு. பௌத்தர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் நான்கு பேருக்கும் பொதுவான மலை. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். என் முழங்கால் இன்னும் மறக்கவில்லை. பிறகு ரயிலில் பதுளை. அங்கிருந்து பஸ்ஸில் மட்டக்களப்பு, திருகோணமலை. கோணேஸ்வரத்தில் கடலைப் பார்த்தபடி கும்பிட்டோம். அப்புறம் யாழ்ப்பாணம், நல்லூர்க் கந்தசாமி கோயில். பிரிக்பீல்ட்ஸில் இருப்பவனுக்கு யாழ்ப்பாணம் புதிதல்ல. நமது ரயில்வேயில் உழைத்த யாழ்ப்பாணத்தார் ஸ்காட் சாலையில் கட்டிய கந்தசாமி கோயிலின் மணியோசை கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம். போரினால் 1990-இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014-இல் திரும்ப வந்தது. அதில் ஏறியே கொழும்பு திரும்பினோம்.

இனி, போகிற பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

பை ஏழு கிலோவுக்கு மேல் வேண்டாம். மலையகத்துக்கு ஒரு கம்பளிச் சட்டை கட்டாயம். மலைக்கும் தென்மேற்குக் கரைக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. காசை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கடப்பிதழின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஆட்டோவில் ஏறுமுன் "கீயத?" என்று விலை கேளுங்கள். ஊர்க்காரர்கள் சாப்பிடும் கடையில் சோறு கறி சாப்பிடுங்கள். வயிறும் நிறையும், காசும் மிஞ்சும். சிகிரியாக் குன்றில் ஏற வெளிநாட்டவருக்கு 30 டாலருக்குக் குறையாது. எதிரேயுள்ள பிதுரங்கலவில் சிறு கட்டணத்தில் ஏறி அந்தக் குன்றையே முழுதாகப் பார்க்கலாம். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்குமுன் விசாரியுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தீவைப் புரட்டிப் போட்டது. மலையகத்தில் நிலச்சரிவில் பல உயிர்கள் போயின, ரயில் பாதையும் சேதப்பட்டது. எந்தப் பாதையில் ரயில் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். சிக்கனம் நம் வயிற்றிலும் நம் படுக்கையிலும் இருக்கட்டும். ரோட்டோரத்தில் இளநீர் விற்கிற அம்மாவிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். நம் அம்மா பால் வாளியோடு நிற்கும்போது யாரோ வந்து படம் பிடித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

காப்பார் சகோதரியே, மகனை அனுப்புங்கள். கடன் வாங்கக்கூடாது, தினம் இரவு வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அப்பாவிடம் நேரில் கேட்டு விடைபெறவேண்டும் என்ற மூன்று நிபந்தனைகள் போடுங்கள். அவன் அப்பாவிடமும் ஒன்று கேளுங்கள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய விலாசம் ஏதாவது இருக்கிறதா? அவருடைய தாத்தா எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எங்கே போனார்கள்? தெரிந்ததை ஒரு தாளில் எழுதிப் பையனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அதைச் சாக்கிட்டாவது அப்பாவும் பிள்ளையும் பேசத் தொடங்கட்டும்.

நான் கூடலூருக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.