விண்கலத்தில் ஒரு பாதிரியார்

அறிவியல் புனைகதைகளில் வரும் கத்தோலிக்கக் குருவை நம்ப முடிவதில்லை என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. வருகிறார், ஏதோ ஒரு கண்டுபிடிப்பைப் பார்க்கிறார், விசுவாசத்தை இழக்கிறார். அவருக்கு வேறு வேலையே இல்லை என்கிறார்கள். விண்வெளி ஆய்வுக் குழுவில் குரு எதற்கு என்பது இவர்களின் முதல் கேள்வி. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் கணக்குப் போட்டுக் காட்டிய லெமைத்ர் ஒரு பெல்ஜியக் குரு. விண்மீன்களை ஒளிநிறமாலையால் வகைப்படுத்திய முன்னோடி ஆஞ்செலோ செக்கி இயேசு சபைத் துறவி. வத்திக்கான் வானாய்வகம் இன்றும் அரிசோனா மலையுச்சியில் தொலைநோக்கி வைத்திருக்கிறது. மேரி டோரியா ரஸ்ஸலின் ‘தி ஸ்பாரோ’ (1996) நாவலில் வேற்றுக்கிரகத்துக்குப் போகும் எமிலியோ சாண்டோஸ், மொழியியல் படித்த இயேசு சபைக் குரு. இத்தாலியிலிருந்து வந்து சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவரை அறிந்த தமிழருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

அறிவியல் உண்மை ஒன்று எதிரே வந்து நின்றால் விசுவாசம் உடைந்துவிடும் என்பது அடுத்த வாதம். இதற்குச் சான்றாக எப்போதும் காட்டப்படுவது ஆர்தர் சி. கிளார்க்கின் ‘தி ஸ்டார்’ (1955). பெத்லகேமுக்கு வழிகாட்டிய விண்மீன், ஓர் அழகிய நாகரிகத்தையே எரித்த வெடிப்பின் ஒளி என்று அதில் ஓர் இயேசு சபை வானியலாளர் கண்டுபிடித்துக் கலங்குகிறார். கதையின் அடி பலமானது. அந்தக் குருவைப் பற்றி மட்டும் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடுதான். விண்மீனைச் சொல்லும் அதே மத்தேயு இரண்டாம் அதிகாரம், ஏரோது பெத்லகேம் குழந்தைகளைக் கொன்றதையும் சொல்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 28 அன்று அந்தக் குழந்தைகளுக்காகத் திருப்பலி வைக்கும் ஒருவர், குற்றமற்றோரின் சாவை முதன்முதலாக விண்வெளியில்தான் சந்திப்பாரா? ஆனால் இந்த ஒரு கதையின் குறையை எல்லாக் கதைகளின் தலையிலும் கட்டுவது நியாயமில்லை.

ஜேம்ஸ் பிளிஷின் ‘எ கேஸ் ஆஃப் கான்சியன்ஸ்’ (1958) அப்படிப்பட்ட கதை அல்ல. குற்றமும் இல்லாத, கடவுளும் இல்லாத ஒரு கிரகத்தைக் காணும் தந்தை ரூயிஸ்-சாஞ்செஸ், அது பசாசின் படைப்பு என்று முடிவு செய்கிறார். பசாசால் எதையும் படைக்க முடியாது என்பது திருச்சபையின் போதனை; ஆகவே தன் முடிவே தப்பறை என்பதும் அவருக்குத் தெரியும். அவரைக் குடைவது இந்தச் சிக்கல்தான். கோட்பாட்டை உள்ளிருந்து புரிந்துகொண்டால்தான் இப்படி எழுத வரும். விசுவாசிக்கு மட்டுமே இது கைகூடும் என்பாரும் உண்டு. பிளிஷோ கடவுள் உண்டா இல்லையா என்பதில் பக்கம் சாயாதவர். ரஸ்ஸல் கத்தோலிக்கராக வளர்ந்து யூத மதத்தைத் தழுவியவர்.

எதிர்காலத்தில் திருச்சபையே இருக்காது என்ற வாதத்துக்கு வால்டர் எம். மில்லரின் ‘எ கான்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்’ பதில் சொல்கிறது. 1944 பிப்ரவரியில் மோன்தே கசீனோ மடத்தின்மீது குண்டு வீசிய விமானப்படையில் மில்லரும் இருந்தார், போருக்குப்பின் கத்தோலிக்கரானார். ஆறாம் நூற்றாண்டில் தோன்றிய அந்த மடம் லொம்பார்டியரால் அழிந்தது, சாரசேனியரால் எரிந்தது, நிலநடுக்கத்தில் இடிந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்தது, 1944-க்குப் பிறகும் எழுந்தது. அணுப்போருக்குப்பின் பாலைவனத்தில் மில்லர் வைக்கும் மடம் வெறும் கற்பனை அல்ல.

அந்த மடத்தின் சகோதரர் பிரான்சிஸுக்கு ஒரு பழைய மின்சுற்று வரைபடம் கிடைக்கிறது. அது எதற்கானது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பல ஆண்டுகள் உட்கார்ந்து, பொன்தாளும் பூவேலையுமாக அதைப் படியெடுக்கிறார். இரண்டையும் திருத்தந்தையிடம் கொண்டுபோகும் வழியில் கொள்ளையன் மறிக்கிறான். மங்கிய மூலத்தை விட்டுவிட்டு, மின்னும் படியைப் பிடுங்கிக்கொள்கிறான். அத்தனை ஆண்டுகளும் வீணாயின என்று வருந்தும் பிரான்சிஸிடம் திருத்தந்தை, அந்தப் படி இல்லாதிருந்தால் அவன் மூலத்தையல்லவா எடுத்துப் போயிருப்பான் என்கிறார்.