மூலநிரலும் கூடவே வரட்டும்

திருவனந்தபுரம் வலியசாலை அக்கிரகாரத்தில் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். இப்படி இரு மொழியில் புழங்கும் குடும்பத்தின் கணினிக்கு மென்பொருள் எந்த வடிவில் வந்துசேர வேண்டும்? நிறுவியதும் ஓடும் செயலி போதும் என்பது பெரும்பாலோர் எண்ணம். அதன் மூலநிரலும், அதாவது படித்துத் திருத்தக்கூடிய நிரல் வரிகளும், கூடவே வர வேண்டும் என்பது என் வாதம். யூனிகோடு பரவுவதற்கு முன்பு தமிழ்ச் செயலிகள் பெரும்பாலும் ஓடும் வடிவில் மட்டுமே கைமாறின. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். 1999இல் டாம், டாப் குறியாக்கங்கள் தரமாக அறிவிக்கப்பட்ட பிறகும் குழப்பம் ஓயவில்லை. விண்டோஸ் மாற மாற, எழுதியவர் கைவிட்ட செயலிகள் நின்றுபோயின. வேறு எவரும் திருத்த வழியில்லை. அவற்றில் தட்டச்சிட்டு வைத்த கோப்புகளை இன்று திறந்தால் புரியாத குறிகளே தெரிகின்றன.

இதே திருவனந்தபுரத்தில் நடந்த இன்னொன்றைப் பாருங்கள். 2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் இங்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். கேரளப் பள்ளிகள் பின்னர் லினக்ஸுக்கு மாறின. இன்று பள்ளிக் கணினிகளில் ஓடும் கைட் லினக்ஸ், உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பைப் பாடத்திட்டத்துக்கேற்ப மாற்றி அமைத்தது. உபுண்டு ஓடும் வடிவில் மட்டும் கிடைத்திருந்தால் இந்த மாற்றத்துக்கு இடமே இருந்திருக்காது. சுதந்திர மலையாளம் கணிமைக் குழுவினர் ‘மீரா இனிமை’ என்ற தமிழ் எழுத்துருவையும் யாரும் மாற்றிக்கொள்ளும் உரிமத்தில் தந்திருக்கிறார்கள். மலையாளத்துக்காகத் திரண்ட உழைப்பு தமிழுக்கும் பாய்ந்திருக்கிறது.

மூலநிரலைப் படிக்கத் தெரிந்தவர் தெருவில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். கிணறு தூர்வார எல்லாருக்கும் தெரியாது. தெரிந்தவரை அழைக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு இருக்க வேண்டும். மூலநிரலை மட்டும் கையில் கொடுத்து ‘நீயே தொகுத்துக்கொள்’ என்பதும் நியாயமில்லை. அது வல்லுநர்களுக்கு மட்டுமே பயன்படும். 1989இல் வந்த ஜிபிஎல் உரிமம் இரண்டையும் இணைத்தது: ஓடும் வடிவைத் தருபவர் மூலநிரலும் கிடைக்கச் செய்ய வேண்டும். எழுதியவரின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி கனமானது. 1976இலேயே பில் கேட்ஸ், வீட்டுக் கணினி ஆர்வலர்கள் காசு கொடுக்காமல் தம் நிறுவனத்தின் பேசிக் மென்பொருளைப் படியெடுக்கிறார்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆனால் ஜிபிஎல் விலை வாங்குவதைத் தடுக்கவில்லை. நிறுவுதல், பயிற்சி, பராமரிப்பு ஆகியவற்றுக்கும் கூலி பெறலாம். தனி ஒருவர் எழுதிய சிறு செயலிக்கு அந்த வருமானம் போதாமல் போகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே முதல் கோரிக்கை எளியது: விற்பனை நின்றுபோன பழைய தமிழ்ச் செயலிகளின் மூலநிரலை அவற்றை எழுதியவர்கள் இப்போதே வெளியிடட்டும். அதில் அவர்களுக்கு இழப்பில்லை. முடங்கிக் கிடக்கும் கோப்புகளை மீட்க மற்றவர்களுக்கு வழி பிறக்கும்.