பயணப் பட்டியலில் இல்லாத கிணறு

இறையியல் படிக்கும் நம் பிள்ளைகள் 'புனித நாடுகள் கல்விப் பயணம்' போய்வருவது இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடக்கிறது. காலனியிலிருந்து ஒருவர் எருசலேமுக்கு விமானம் ஏறுகிறார் என்றால் தெருவே வசூல் செய்து அனுப்பிவைக்கிறது. யோர்தான் தண்ணீர் பிடித்துவரச் சொல்லிப் பாட்டிமார்கள் பாட்டில் கொடுத்துவிடுகிறார்கள். இதை நாங்கள் கேலி செய்யவில்லை. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடாமல் தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளை கடல் கடந்து போவது பெரிய காரியம். அங்கே அவர்களுக்கு எதைக் காட்டுகிறார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

காசா போருக்கு முன்பு போய்வந்த மாணவர் ஒருவர் தன் பயணப் பட்டியலை எங்களிடம் காட்டினார். பத்து நாள். கானாவூரில் தம்பதிகள் திருமண வாக்குறுதியைப் புதுப்பிக்கும் நிகழ்ச்சி (போனவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை). யோர்தானில் வெள்ளை அங்கியோடு முழுக்கு. சாக்கடலில் மிதப்பது, சேறு பூசிக்கொள்வது. ஒலிவ மரச் சிலுவை விற்கும் கடைக்கு ஒன்றரை மணி நேரம். சமாரியப் பெண் தண்ணீர் மொண்ட கிணறு மட்டும் அதில் இல்லை.

யாக்கோபின் கிணறு இன்றும் இருக்கிறது. மேற்குக் கரையில், நாப்லுஸ் நகரத்து ஓரத்தில், கிரேக்க மரபுவழித் திருச்சபையின் ஆலயத்துக்கு அடியில். படியிறங்கிப் போனால் இப்போதும் வாளி விட்டுத் தண்ணீர் இறைக்கலாம். பக்கத்திலேயே பலாட்டா அகதி முகாம். 1948இல் வீடிழந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நெருக்கியடித்து வாழும் இடம் அது. இஸ்ரேல் ராணுவத்தின் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே போய்வர வேண்டிய ஊர். பயண ஏற்பாட்டாளர்களுக்கு அது தலைவலி, அதனால் விட்டுவிடுகிறார்கள்.

விட்டுவிடுகிற இடமா அது? யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில், நடுப்பகலில் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் இயேசு, சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். யூதர்கள் சமாரியரோடு புழங்காத காலம். என்னிடமா கேட்கிறீர் என்று அவளே திகைக்கிறாள். நம் ஊர்ப் பிரசங்கிகள் இந்தப் பகுதியை எடுத்தால் அவளுடைய ஐந்து கணவர்களைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். அவள் கையிலிருந்த குடத்தைத் தொடமாட்டார்கள். யார் கையால் யார் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்பது எவ்வளவு பெரிய விவகாரம் என்று தனி டம்ளரில் டீ குடித்தவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கரும் மக்களும் தண்ணீர் அள்ளிக் குடித்ததற்காகச் சாதி இந்துக்கள் அடித்தார்கள். பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. இந்த மண்ணிலிருந்து போகும் ஒரு மாணவருக்கு அந்தக் கிணற்றடியில் நிற்க ஒரு மணி நேரம் கொடுக்காத பயணத்துக்குக் கல்விப் பயணம் என்று பெயர் வைத்தது யார்?

சமாரியர்களும் கதையில் மட்டும் வாழ்பவர்கள் அல்லர். ஆயிரத்துக்கும் குறைவானவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அதே நாப்லுஸின் கெரிசீம் மலைமேல் வாழ்கிறார்கள். போய்ப் பார்த்துப் பேசலாம்.

பட்டியலில் இல்லாத ஒன்றை அந்த மாணவர் தானாகவே கண்டுபிடித்தார். எருசலேமின் கல்லறைத் திருக்கோவிலை ஆறு திருச்சபைகள் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. அதில் எத்தியோப்பியத் துறவிகள் கூரைமேல் சிறு சிறு மண் அறைகளில் வசிக்கிறார்கள். அந்தக் கூரை யாருக்கு என்பதில் கோப்த்தியரோடு நீண்ட நாள் வழக்கு. 2002இல் ஒரு நாற்காலியை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தியதற்காக அடிதடி நடந்து ஆட்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். "அண்ணா, அங்கேயும் கருப்பர்கள்தான் மொட்டைமாடியில்" என்றார் மாணவர். இதைப் பயிற்சிக் கட்டுரையாக எழுதக் கேட்டிருக்கிறார். பயணக் கட்டுரை ஆன்மிகமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஏன் என்று நமக்குத் தெரியும். கூரையைப் பற்றி எழுதத் தொடங்கினால் அடுத்த பத்தியில் திருச்சி மேலப்புதூர் கல்லறையின் நடுச்சுவர் வரும். செத்த பிறகும் தலித் கத்தோலிக்கரைப் பிரித்து வைத்த சுவர். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்ட 2008 வரும்.

அரசுக்கும் இதில் பங்குண்டு. எருசலேம் புனிதப் பயணத்துக்குத் தமிழக அரசின் மானியம் 2011இல் அறிவிக்கப்பட்டது. தலைக்கு 20,000 ரூபாயில் தொடங்கி 37,000 ரூபாய் வரை உயர்ந்தது. அதை வாங்கக் கிறித்தவர் என்று காட்ட வேண்டும். அதே கிறித்தவர் என்ற அடையாளம், 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி, பட்டியல் சாதி உரிமையைப் பறித்துவிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அதோடு போகிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு நமக்கு மட்டும் திறக்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே அந்த மதக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது. 2022இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். பெத்லகேமுக்குப் போக மானியம் உண்டு, ஊரில் அடிபட்டால் வழக்கு நிற்காது.

எப்படிப் போய்வர வேண்டும் என்பதற்கு மார்ட்டின் லூதர் கிங்கைப் பார்க்கலாம். 1959இல் ஒரு மாதம் இந்தியாவில் இருந்தார். திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்ததையும், பிறகு அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டதையும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். திரும்பும் வழியில் எருசலேம் போனார். ஊர் சேர்ந்ததும் உயிர்ப்பு ஞாயிறன்று அந்தப் பயணத்தைப் பற்றியே பிரசங்கித்தார். இரண்டாகப் பிளக்கப்பட்டிருந்த அந்த நகரத்தைப் பற்றிச் சொன்னார். இயேசுவின் சிலுவையைத் தூக்கிச் சுமந்த சீமோன் ஒரு கருப்பர் என்பதையும் தன் சபைக்கு நினைவூட்டினார். அவர் புனித இடங்களைப் பார்த்தது மான்ட்கோமரியின் கண்களோடு.

போர் ஓய்ந்து பாதை திறக்கும்போது அடுத்த பிள்ளை கிளம்பும். காசு போடுகிற தெரு, பயணப் பட்டியலை முன்கூட்டியே வாங்கிப் பார்க்க வேண்டும். நாப்லுஸுக்கு ஒரு நாள் கேட்க வேண்டும். கானாவூர் நிகழ்ச்சியை வெட்டினால் நேரம் கிடைக்கும். பெத்லகேமில் தொழுவத்தைப் பார்த்த கையோடு, ஊரை மறித்து நிற்கும் கான்கிரீட் சுவருக்கு அந்தப் பக்கம் வாழும் பாலஸ்தீனக் கிறித்தவர் ஒருவர் வீட்டில் ஒரு வேளை சாப்பிட ஏற்பாடு செய்யச் சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும் சாட்சி சொல்லும் கூட்டத்தை மேலப்புதூர் கல்லறை வாசலில் வையுங்கள். நாங்களும் வருகிறோம்.