முனிசிபல் தேர்தல் எங்கே?

புதுவைக் கடற்கரையில் மேரி கட்டிடம் புத்தம் புதிதாக நிற்கிறது. 2014 நவம்பர் மழையில் பழைய கட்டிடம் இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதம மந்திரி மோடி திறந்து வைத்தார். அன்று அந்த மாளிகையில் உட்கார, ஜனங்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை!

இது இன்று நேற்றுக் கதையல்ல. 1968-ல் முனிசிபல் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-ல். இடையில் 38 வருஷம்! 2011-ல் அந்த மன்றங்களின் ஆயுளும் தீர்ந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு மன்றம் நீடிக்கக் கூடாது, அதற்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். 2011-ல் ரங்கசாமி சர்க்கார், 2016-ல் நாராயணசாமி சர்க்கார், 2021-ல் மறுபடி ரங்கசாமி சர்க்கார். தேர்தல் மட்டும் வரவில்லை. 2021-ல் தேதி குறித்தார்கள். இட ஒதுக்கீட்டில் குளறுபடி செய்து, விஷயம் கோர்ட்டுக்குப் போய், அறிவிப்பே வாபஸாயிற்று.

ஏன் இந்தப் பயம்? தெருக் குழாயும் விளக்கும் சாக்கடைக் கான்ட்ராக்டும் எம்.எல்.ஏ. கைவழியே போனால்தானே ஜனங்கள் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள்! வார்டுக்கு ஒரு கவுன்சிலர் வந்துவிட்டால் அந்த தர்பார் என்னாவது?

“மில்லே மூடிக் கிடக்கிறது, சாக்கடைத் தேர்தலில் நமக்கென்ன வேலை?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ரோடியர் மில் 2020-ல் மூடப்பட்டது மெய். அதனால்தான் சொல்கிறோம். முன்பு ஷிப்டு முடிந்ததும் மில் கேட்டில் ஆயிரக்கணக்கானவர்களைச் சந்திக்க முடிந்தது. இன்று அந்தத் தொழிலாளி முதலியார்பேட்டையில் ஒரு சந்தில் இருக்கிறார். மகன் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறான். இவர்களை ஒன்றுசேர்க்கும் இடம் இனி தெருதான், வார்டுதான்.

1936 ஜூலை 30-ந் தேதி சவானா மில் தொழிலாளர் பன்னிரண்டு பேர் பிரெஞ்சுத் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்தப் போராட்டத்தில் வளர்ந்த சக்திதான் 1946 முனிசிபல் தேர்தலில் தோழர் வ. சுப்பையாவின் தேசிய ஜனநாயக முன்னணியாக நின்று ஜெயித்தது. 1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் இந்தியாவோடு இணைய வாக்களித்தவர்கள் யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் முனிசிபல் கவுன்சிலர்களும் சேர்ந்து 178 பேர். அதில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. அவர்களில் பலர் நம் ஆட்களல்ல, அது வேறு விஷயம். ஆனால் பிரெஞ்சுக் கொடி இறங்கியது அந்தச் “சாக்கடைக் கவுன்சிலர்” வாக்காலுந்தான்!

கொம்யூன் முறையை நமக்குத் தந்த பிரான்சையே பாருங்கள். பாரிசை ஒட்டிய இவ்ரி என்ற தொழிலாளர் ஊரில் 1925-ல் கம்யூனிஸ்டு தோழர் ஜார்ஜ் மரான் மேயரானார். அங்கே ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலம் நீங்கலாகத் தொண்ணூறு வருஷத்துக்கும் மேல் கம்யூனிஸ்டு மேயர்களே இருந்தார்கள். தொழிலாளிக்கு வீடு, குழந்தைகளுக்கு வைத்தியம் என்று அன்றாடம் செய்த வேலைக்கு ஜனங்கள் தந்த நம்பிக்கை அது.

பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர் விவசாயத் தொழிலாளருக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். எந்த வேலை, எங்கே என்பதைக் கிராம சபை முடிவு செய்யலாம் என்று 2005-ம் வருஷத்து நூறு நாள் வேலைச் சட்டம் சொல்லியது. தேர்ந்தெடுத்த பஞ்சாயத்தே இல்லாத ஊரில் அதிகாரி சொன்னதுதான் வேலை, போட்டதுதான் கூலி என்றாயிற்று.

ஆகவே தேர்தல் நடத்து என்று கோஷம் போட்டால் மட்டும் போதாது. தேதி வந்தபின் அபேட்சகர் தேடுவதும் உதவாது. எல்லா வார்டிலும் நின்று டிபாசிட் இழப்பதில் நமக்கு நம்பிக்கையில்லை. கிளை இருக்கும் வார்டில், இன்றிலிருந்தே குழாயடிப் பிரச்னையைக் கையிலெடுத்து வேலை செய்கிறவர் நிற்கட்டும். மூன்றில் ஒரு ஸ்தானம் பெண்களுக்கு; பெண் தோழர்களை இப்போதே முன்னால் நிறுத்த வேண்டும். முதல் காரியம் வாக்காளர் பட்டியல். செத்தவர் யார், குடிபெயர்ந்தவர் யார், பெயர் விட்டுப்போனவர் யார் என்று தெருவாரியாக எழுதிய நோட்டோடு தோழர்கள் அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரவேண்டும்.