அப்பாவின் புல்லட்டை லண்டனுக்கு ஏற்றலாமா? பூட்டு வாங்கும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

போன மாதம் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும். அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். லண்டனில் ஏதோ ஒரு தெரு. நல்ல பகல் வெளிச்சம். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் ஆங்கிள் கிரைண்டரை வைத்து ஒரு பைக்கின் சங்கிலியை அறுக்கிறார்கள். தீப்பொறி பறக்கிறது. நடந்து போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். வீடியோவுக்குக் கீழே ஒரே ஒரு வரி: "அப்பா வண்டிய இங்கயா கொண்டுபோகச் சொல்ற?"

அண்ணனுக்கு லண்டனில் வேலை கிடைத்திருக்கிறது. கிளம்ப இன்னும் நாலு மாதம். துணிமணி, ஊறுகாய், குக்கர் எதைப் பற்றியும் அவனுக்குக் கவலை இல்லை. மதுரை வீட்டில் நிற்கும் 1984 மாடல் புல்லட்தான் கவலை. அப்பா வாங்கிய வண்டி. எங்கள் இரண்டு பேரையும் ஸ்கூலில் கொண்டு விட்ட வண்டி. மூன்று வருஷத்துக்கு முன் அப்பா போனதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை உதைத்து ஸ்டார்ட் பண்ணி, தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு போய் வருவதை அண்ணன் விட்டதே இல்லை.

அதனால் அந்த ராத்திரியில் இருந்து நானும் அவனும் சேர்ந்து இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தோம். படித்த வரையில் என் கருத்து இது: வெளிநாட்டுக்குப் பழைய பைக்கைக் கொண்டுபோக நினைக்கும் எல்லோரும் "எந்தப் பூட்டு வாங்கலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அது கடைசிக் கேள்வி. அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் வண்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது.

புல்லட்டுக்கு லண்டன் புதுசு இல்லை

முதலில் ஒரு சின்ன பின்னணி. ராயல் என்ஃபீல்டு பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் புல்லட் உருவாக ஆரம்பித்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் அந்த கம்பெனியே இல்லாமல் போனது. ஆனால் திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை. 1977-ல் மெட்ராஸ் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கின.

இதில் நமக்கு ஒரு நல்லதும் கெட்டதும் இருக்கிறது. நல்லது: அந்த ஊரில் புல்லட்டைத் தெரிந்த மெக்கானிக், உதிரிபாகக் கடை, ரசிகர் கிளப் எல்லாம் உண்டு. கெட்டதும் அதேதான். உதிரிபாகத்தை வாங்க ஆள் இருக்கிறது என்றால், திருடிப் பிரித்து விற்பவனுக்கும் ஆள் இருக்கிறது. டேங்க், கார்புரேட்டர், டைனமோ என்று கழற்றிவிட்டால் அது யாருடைய அப்பா வண்டி என்று யார் கண்டுபிடிக்க முடியும்?

கேள்வி 1: வண்டி யார் பெயரில் இருக்கிறது?

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் நாங்கள் மாட்டிக்கொண்டதே இங்குதான். ஆர்சி புக் இன்னும் அப்பா பெயரில்தான் இருந்தது. "மாத்தணும்"னு மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டே இருந்தோம், மாற்றவில்லை. மாற்றினால் அப்பா பெயர் போய்விடுமே என்ற தயக்கமும் ஒரு காரணம். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு பெயருக்கு மாற்ற ஆர்டிஓ-வில் படிவம் 31 கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். விதிப்படி 30 நாளுக்குள் தகவல் சொல்லி, 3 மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். நாங்கள் செய்யவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி நிற்கலாம்.

இது ஏன் திருட்டுக் கவலையோடு சேர்கிறது? பிரிட்டனில் குடியேறுபவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. குறைந்தது 12 மாதம் அந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்து, குறைந்தது 6 மாதம் தன்னிடம் வைத்துப் பயன்படுத்திய பொருள் என்றால், இறக்குமதி வரியும் வாட்டும் இல்லாமல் கொண்டுவரலாம். 'டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்' என்று பெயர். அங்குள்ள வரித்துறையான எச்எம்ஆர்சி-யிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கொண்டுபோன பிறகு 12 மாதத்துக்கு விற்கவோ, வாடகைக்கோ இரவலோ கொடுக்கவோ முடியாது. வண்டி அப்பா பெயரில் இருந்தால், "இது என்னுடையது, நான்தான் ஓட்டினேன்" என்று எதைக் காட்டுவீர்கள்?

அது மட்டுமில்லை. வண்டி இறங்கிய 14 நாளுக்குள் எச்எம்ஆர்சி-க்குத் தெரிவித்து, பிறகு டிவிஎல்ஏ-வில் பதிவுசெய்தால் வி5சி என்ற சான்று வரும். நம் ஊர் ஆர்சி மாதிரிதானே என்று நினைக்கலாம். ஆனால் வி5சி-யில் இருப்பது வண்டியை வைத்திருப்பவரின் பெயர். அது உரிமைக்கான ஆதாரம் இல்லை என்று அந்தச் சான்றே சொல்கிறது. நாளைக்கு வண்டி திருடுபோய், இன்சூரன்ஸ் கேட்டாலோ, எங்கோ பிடிபட்ட வண்டியை நம்முடையது என்று சொல்லப் போனாலோ, அப்பா வாங்கிய பில், பெயர் மாற்றிய ஆர்சி, வாரிசுச் சான்று, ஷிப்பிங் காகிதங்கள் எல்லாம் சேர்ந்துதான் பேசும்.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் போட்டோ எடுத்து, ஆர்டிஓ-வில் செய்வது மாதிரி பென்சில் பிரின்ட்டும் எடுத்து வையுங்கள். டேங்க்கில் இருக்கும் நெளிசல், சீட்டில் போட்ட தையல் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளங்களையும் படம் பிடியுங்கள்.

கேள்வி 2: ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?

மூன்றில் பெரிய கேள்வி இதுதான். லண்டனில் முதல் ஒரு வருஷம் நம் ஆட்களில் பலர் எப்படி இருப்போம்? பகிர்ந்த வீட்டில் ஒரு அறை, அல்லது சின்ன ஃப்ளாட். கீழே தெரு. புல்லட் தெருவில் நிற்கும்.

"சாவி இல்லாம எப்படி எடுப்பான்? வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். வெள்ளைக்காரப் பையனுக்கு நியூட்ரலே விழாதே" என்று அண்ணனின் நண்பர் ஒருவர் ஜோக் அடித்தார். சிரிக்கலாம். ஆனால் திருடன் அதை ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. வேன் கொண்டுவருவான். புல்லட்டின் எடை 160 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மூன்று நான்கு பேர் தூக்கினால் முடிந்தது. இன்ஜினை முடக்க நீங்கள் மறைத்து வைக்கும் கில் சுவிட்ச், ஓட்டிப்போவதைத் தடுக்கும், தூக்கிப்போவதைத் தடுக்காது.

பழைய வண்டிக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது. இன்றைய பைக்குகளில் இருக்கும் இம்மொபிலைசர் அதில் கிடையாது. அந்தக் கால இக்னிஷன் சாவி என்பதே ஒரு மரியாதைக்குத்தான்.

ஆக, கண்ணில் படாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. பூட்டிய கராஜ், வீட்டுக்குப் பின்னால் கேட் போட்ட இடம், கேமராவும் காவலாளியும் உள்ள பார்க்கிங், இவற்றில் ஒன்று கிடைக்குமா என்று வீடு பார்க்கும்போதே கேளுங்கள். கராஜை மட்டும் தனியாக வாடகைக்கு விடுபவர்களும் அங்கே உண்டு. அந்த மாத வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு ஷிப்பிங் கம்பெனிக்கு போன் பண்ணுங்கள். நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். கன்டெய்னரில் இடம் பிடித்த பிறகு கராஜ் தேடுகிறோம்.

இன்ஸ்டாகிராம் போட்டோ பற்றியும் ஒரு வார்த்தை. புல்லட்டோடு புது வீட்டு வாசலில் நின்று லொகேஷன் டேக் போடாதீர்கள். வாசல் நம்பர் தெரிகிற படம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி 3: போனால் என்ன கிடைக்கும்?

இது கொஞ்சம் வலிக்கிற கேள்வி. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்.

கப்பலில் போகும்போது எடுக்கும் மரைன் இன்சூரன்ஸ் பயணத்துக்கு மட்டும். வண்டி உங்கள் கைக்கு வந்ததோடு அது முடிந்துவிடும். துறைமுகக் கிடங்கில் சுங்க வேலை முடியக் காத்திருக்கும் நாட்களுக்குக் கவர் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'டோட்டல் லாஸ்' என்று மட்டும் போட்ட பாலிசியில், வண்டி முழுசாகத் தொலைந்தால்தான் பணம். கண்ணாடியும் விளக்கும் காணாமல் போனால் ஒன்றும் வராது.

அங்கே போன பிறகு எடுக்கும் பாலிசியில் ஒரே ஒரு வார்த்தையைத் தேடுங்கள்: 'அக்ரீட் வேல்யூ'. வண்டிக்கு இன்ன மதிப்பு என்று முன்கூட்டியே இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதுவது. கிளாசிக் வண்டிகளுக்கென்றே இப்படிப் பாலிசி தரும் கம்பெனிகள் அங்கே இருக்கின்றன. இது இல்லாமல் 'மார்க்கெட் வேல்யூ' என்று இருந்தால், திருடுபோன அன்றைக்கு அந்த வண்டி என்ன விலை போகும் என்பதைக் கணக்குப் போடுவது கம்பெனி. நாற்பது வருஷப் பழைய வண்டிக்கு அந்தக் கணக்கு உங்களுக்குப் பிடிக்காது.

இன்னொன்று, இதில் பொய் சொல்லவே கூடாது. "ராத்திரி கராஜில் நிற்கும்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஒரு நாள் சோம்பலில் தெருவில் விட்டு, அன்றைக்கே வண்டி போனால் க்ளெய்மை மறுக்க அது போதும். "இந்தப் பூட்டைப் போடுவேன்" என்று சொன்னால் தினமும் அதையே போட வேண்டும்.

லைசென்ஸும் இதோடு சேர்ந்தது. இந்திய லைசென்ஸை வைத்து பிரிட்டனில் குடியேறியதிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதற்குப் பிறகு அங்குள்ள மோட்டார் சைக்கிள் தேர்வுகளை எழுதி, ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும். நம் லைசென்ஸை அப்படியே மாற்றித் தரும் நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை. செல்லாத லைசென்ஸோடு ஓட்டினால் இன்சூரன்ஸும் உதவிக்கு வராது.

சரி, இப்போது பூட்டு

மூன்றுக்கும் பதில் இருக்கிறதா? இப்போது பூட்டுக் கடைக்குப் போகலாம். பிரிட்டனில் 'சோல்ட் செக்யூர்' என்ற தரச்சான்று உண்டு. பூட்டுகளைச் சோதித்து பிரான்ஸ், சில்வர், கோல்டு, டயமண்ட் என்று வரிசைப்படுத்துகிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் கேட்பதும் இதைத்தான்.

சங்கிலியை முன் சக்கரத்தில் மட்டும் போடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு மீதியைக் கொண்டுபோவார்கள். ஃப்ரேம் வழியாகவோ பின் சக்கரம் வழியாகவோ விட்டு, தரையில் பதித்த கிரவுண்ட் ஆங்கரில் கட்டுங்கள். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. கிடந்தால் வெட்டும் கருவிக்குத் தரையே முட்டுக்கொடுக்கும். வாடகை வீட்டில் தரையைத் துளைக்க ஓனர் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மேலே ஒரு சாதாரண கவர். உள்ளே இருப்பது ஸ்கூட்டரா புல்லட்டா என்று தெரியாததே பாதி லாபம்.

டிராக்கர் வைக்கலாம், தனி பேட்டரி உள்ளதாக. ஏர்டேக் போதுமே என்று நினைக்காதீர்கள். தெரியாத ஏர்டேக் ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் ஐபோனுக்கே அது சொல்லிவிடும். வண்டி போனது தெரிந்தால் போலீஸுக்கு 101. கண்ணெதிரே திருட்டு நடந்தால் 999. நடுவில் போய் நிற்காதீர்கள். கிரைண்டர் வைத்திருப்பவனிடம் வீரம் காட்ட அந்த வண்டியை வாங்கிய அப்பாவே சொல்லமாட்டார்.

அப்போ இங்கேயே விட்டுப்போனால்?

"எதுக்கு இந்த வம்பு, வீட்டுலயே நிக்கட்டுமே" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். போர்டிகோவில் நிற்கும் பைக்கும் திருடுபோகிறது. திருடு போகாவிட்டாலும் நின்றே சாகும். டேங்க்கில் துரு, கார்புரேட்டரில் பிசுக்கு, காய்ந்துபோன ரப்பர் சீல். பழைய வண்டியின் பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும்; அதற்கு வண்டி ஓடுகிற நிலையில் ஆர்டிஓ முன் போய் நிற்க வேண்டும். விட்டுப்போவதென்றால் பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கிடம் பொறுப்பைக் கொடுத்து, மாதம் ஒரு தொகை அனுப்ப வேண்டும். சும்மா விட்டுப்போவது ஒரு முடிவே இல்லை.

அண்ணன் என்ன செய்யப் போகிறான்? போன வாரம் படிவம் 31 கொடுத்தாயிற்று. அவன் முதலில் தனியாகப் போகிறான். கராஜ் உள்ள இடம் கிடைத்து, சாவி அவன் கைக்கு வந்த பிறகுதான் புல்லட் கப்பல் ஏறும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை ரவுண்டு என் பொறுப்பு. வரிச்சலுகையை வண்டி பின்னால் வருவதற்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்த விண்ணப்பத்தைத்தான் இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறான்.

இத்தனை நாள் எங்கள் பேச்சை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, நேற்று சாப்பிடும்போது சொன்னார்: "நாற்பது வருஷத்துல உங்கப்பா ஒரு ராத்திரிகூட அந்த வண்டிய தெருவுல நிறுத்துனதில்ல. மழையோ வெயிலோ, பலகையப் போட்டு உள்ள ஏத்திட்டுத்தான் சாப்பிட உக்காருவாரு."

அந்தப் பலகை இன்னும் எங்கள் வாசலில்தான் சாத்தி வைத்திருக்கிறது.