ஐவருக்கும் பொதுவான பட்டம்

இலக்கியம் பேசும் இடத்தில் ரக்பிக்கு என்ன வேலை என்று வாசகர் முகம் சுளிக்கக்கூடும். நாமும் அவ்வாட்டத்தின் விதிகளை முழுதாகக் கற்றவர்கள் அல்லோம். ஆயினும், இத்தாலி சேர்ந்த 2000ஆம் ஆண்டு முதல் ஆறு நாடுகள் போட்டி என வழங்கும் தொடர் ஐந்து நாடுகள் போட்டியாக இருந்த காலத்தின் 1973ஆம் ஆண்டுப் பட்டியலைக் கண்டபோது, நெடுநேரம் அதிலேயே நின்றுவிட்டோம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ் ஆகிய ஐந்தும் தம் மண்ணில் ஆடிய இரண்டு ஆட்டங்களை வென்றன; அயல்மண்ணில் ஆடிய இரண்டில் தோற்றன. பட்டம் ஐவருக்கும் பொதுவாயிற்று. இப்படி நேர்ந்தது அந்த ஒருமுறைதான்.

இதை வேடிக்கைக் கணக்காகச் சொல்லிக் கடந்துவிடுவதில் நமக்கு உடன்பாடில்லை. முந்திய ஆண்டை விட்டுவிட்டு இதைப் படிப்பது, முதற்காண்டத்தைக் கிழித்தெறிந்துவிட்டுக் காப்பியம் படிப்பதற்கு ஒப்பாகும்.

1972 ஜனவரி 29 அன்று அயர்லாந்து பாரிஸில் பிரான்சை வென்றது. மறுநாள் ஞாயிறு. வட அயர்லாந்தின் டெரி நகரில் குடியுரிமைப் பேரணி சென்றோர்மீது பிரித்தானியப் படையினர் சுட்டதில் பதின்மூவர் அன்றே மாண்டனர். பிப்ரவரி 2 அன்று டப்ளினில் பிரித்தானியத் தூதரகம் தீக்கிரையானது. அடுத்த பத்தாம் நாள் அயர்லாந்து லண்டன் சென்று இங்கிலாந்தையும் வென்றது. எஞ்சிய இரு ஆட்டங்களும் டப்ளினில். அவற்றையும் வென்றிருந்தால் 1948க்குப் பின் ஒரு முழுவெற்றி கிட்டியிருக்கும். ஆனால் ஐ.ஆர்.ஏ.யின் பெயரால் ஆட்டக்காரர்களுக்கு மிரட்டல் கடிதங்கள் வர, ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு வர மறுத்தன. தொடர் முற்றுப்பெறாமலே நின்றது. ஆடிய மூன்றையும் வென்ற வேல்ஸுக்கும் பட்டமில்லை. இரண்டையும் வென்ற அயர்லாந்துக்கும் இல்லை.

அயர்லாந்து அணியின் தனித்தன்மையை இங்கே சொல்லியாக வேண்டும். 1921இல் தீவு பிரிந்தது. ரக்பி அணி பிரியவில்லை. வடக்கே பாலிமீனா கழகத்துக்கு ஆடிய புராட்டஸ்டண்டான வில்லி ஜான் மெக்பிரைடு, தெற்கின் கத்தோலிக்கர்களோடு தோள்பிணைத்து அந்த ஒரே பச்சைச் சட்டையில் நின்றார்.

1973 பிப்ரவரி 10. இம்முறை டப்ளினுக்கு வரவேண்டிய அணி இங்கிலாந்து. வந்தது. லான்ஸ்டவுன் ரோடு திடலில் அவ்வணி நுழைந்ததும் கூட்டம் எழுந்து நின்று எழுப்பிய கரவொலி ஓய நெடுநேரம் ஆயிற்று. ஆட்டத்தில் இங்கிலாந்து 18-9 எனத் தோற்றது. நாங்கள் அப்படியொன்றும் திறமைசாலிகள் இல்லாதிருக்கலாம், ஆனாலும் வந்து சேர்ந்தோமே என்ற பொருள்பட அன்றிரவு விருந்தில் பேசினார் அணித்தலைவர் ஜான் புலின்.

அக்கரவொலியை மன்னிப்பு என்று சொல்வது நமக்குச் சரியாகப் படவில்லை. டெரியில் மாண்டோர் சார்பில் மன்னிக்கும் உரிமை ரக்பி பார்க்க வந்தவர்க்கு ஏது? அந்தச் சூட்டுக்குப் பிரித்தானியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்கவே 2010 ஆயிற்று. கைதட்டியது வாசலுக்கு வந்த விருந்தினருக்காக; அவ்வளவே. வராதவர்களைக் கோழைகள் எனத் தூற்றவும் நமக்கு மனமில்லை. மிரட்டல் கடிதத்தைப் பிரித்துப் படித்த கை நம்முடையதன்று. ஆனால் வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, தோற்று வடக்கிருந்த சேரனை உயர்த்திப் பேசிய வெண்ணிக்குயத்தியாரை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், அந்த 18-9 நம் நினைவில் வந்து நிற்கிறது.

1990களில் வந்த விதிப்படி புள்ளி வித்தியாசம் பார்த்தால், 1973இன் பட்டம் வேல்ஸுக்குப் போயிருக்கும், இங்கிலாந்து கடைசி. நல்லவேளை, அன்று அவ்விதி இல்லை. ஏப்ரல் 14 அன்று அதே டப்ளினில் இறுதி ஆட்டம். பிரான்ஸ் வென்றிருந்தால் பட்டம் அதற்கு மட்டுமே. அயர்லாந்து 6, பிரான்ஸ் 4.